24 பேர், ஒரே நாள், பாபநாசமும் குற்றாலமும்: வண்டி பிடிக்க யோசனை சொல்லுங்கள்

கருப்பட்டிக்காபி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் மூலைக்கரைப்பட்டி பக்கம், மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. எங்கள் மகளிர் குழு ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆகிறது. கடன், வட்டி, கூட்டம், கையெழுத்து என்று இருந்தது போதும், ஒரு நாளாவது எல்லோரும் சேர்ந்து வெளியே போவோம் என்று முடிவாகியிருக்கிறது. சாரல் நேரம் என்பதால் முதலில் பாபநாசம், அங்கிருந்து குற்றாலம். ராத்திரியே வீடு திரும்ப வேண்டும். மறுநாள் பாதிப் பேருக்கு நூறு நாள் வேலை, எனக்குப் பள்ளிக்கூடம்.

ஆள் கணக்கு இது: குழுவில் 14 பேர், மாமியார்களும் அம்மாக்களுமாக 5 பேர், பிள்ளைகள் 5. மொத்தம் 24. பெரியவர்களில் ஒருவருக்கு மூட்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, உயரமாகக் கால் தூக்க முடியாது.

மினிபஸ் வாடகைக்குக் கேட்டு மூன்று இடத்துக்குப் போன் போட்டேன். ஒருவர் மொத்தமாக ஒரு தொகை சொன்னார். இரண்டாமவர் கிலோமீட்டர் கணக்கு, பேட்டா தனி என்றார். மூன்றாமவர் நாள் வாடகை மட்டும் சொல்லிவிட்டு, "டீசல் நீங்க போட்டுக்கோங்க" என்றார். மூன்றையும் எப்படி ஒப்பிடுவது என்றே தெரியவில்லை. நான் கணக்கு டீச்சர். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆடி அமாவாசைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று யோசனை.

வாய்க்கால்பாலம்

அக்கா, வண்டி அப்புறம். முதலில் தேதியை மாற்றுங்கள்.

ஆடி அமாவாசையை ஒட்டிப் பாபநாசம் பக்கம் போவதும் தேரோட்டத்தன்று ரத வீதியில் கார் ஓட்டுவதும் ஒன்று. காரையாறில் சொரிமுத்தையனார் கோயிலுக்கு ஜனம் அத்தனையும் கூடும். குடும்பம் குடும்பமாக ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவார்கள். இப்போதெல்லாம் அந்த நாட்களில் தனியார் வண்டிகளை அகஸ்தியர்பட்டியிலேயே நிறுத்திவிட்டு, மேலே அரசு பஸ்ஸில்தான் அனுப்புகிறார்கள். நீங்கள் வாடகை கொடுத்துப் பிடித்த வண்டி கீழே வெயிலில் நிற்கும், நீங்கள் கூட்டத்தோடு கூட்டமாக பஸ்ஸில் தொங்குவீர்கள்.

ரிட்டயர்டு வாத்தியார்

ஒரு சின்னத் திருத்தம், கோபித்துக்கொள்ள வேண்டாம் டீச்சர். நம் பக்கத்தில் "மினிபஸ்" என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் குழம்புவார். மினிபஸ் என்றால் 1997-ல் அரசு கொண்டுவந்த திட்டத்தில் பெரிய பஸ் போகாத ஊர்களுக்குள் ஓடுகிற சின்ன பஸ். அதற்கு ரூட் உண்டு, டிக்கெட் உண்டு. நீங்கள் கேட்பது வேன். வேனிலும் "டிராவலரா, மஸ்தாவா, எத்தனை சீட்டு" என்று சொல்லிக் கேட்டால்தான் சரியான விலை வரும். போன மாதம் என் மைத்துனர் "பெரிய வண்டி" என்று மட்டும் சொல்லிவைத்தார். வாசலில் 50 சீட்டு ஆம்னி பஸ் வந்து நின்றது. தெருவுக்குள் நுழையவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை.

கருப்பட்டிக்காபி

@வாய்க்கால்பாலம் ஐயையோ, அது தோன்றவே இல்லை. ஆவணி முதல் ஞாயிறு என்று மாற்றிக்கொள்கிறோம். தண்ணீர் இருக்குமா?

வாய்க்கால்பாலம்

மழையைப் பொறுத்தது. ஆவணியில் ஒரு வருஷம் கொட்டும், ஒரு வருஷம் நூல் மாதிரி வடியும். பாபநாசத்தில் மட்டும் ஆறு என்றைக்கும் ஏமாற்றாது.

மஞ்சள்போர்டு

பாளையங்கோட்டைப் பக்கம் சொந்தமாக இரண்டு வண்டி வைத்திருக்கிறேன். ஒன்றை நானே ஓட்டுகிறேன். இது விளம்பரம் இல்லை, யாரும் நம்பர் கேட்க வேண்டாம். டீச்சர் கேட்ட கணக்கைச் சொல்கிறேன்.

உங்கள் ஊரிலிருந்து நாங்குநேரி, களக்காடு, சேரன்மாதேவி, அம்பை வழியாகப் பாபநாசம். அங்கிருந்து கடையம், தென்காசி தாண்டிக் குற்றாலம். திரும்பும்போது தென்காசி ரோட்டில் திருநெல்வேலி வந்து ஊர். சுற்றிவளைத்துச் சுமார் 210 கிலோமீட்டர் வரும். ஆனால் நாங்கள் மீட்டர் பார்ப்பது உங்கள் வாசலிலிருந்து அல்ல, வண்டி நிறுத்தும் எங்கள் செட்டிலிருந்து செட்டு வரை. என் வண்டி காலையில் காலியாக 25 கிலோமீட்டர் வந்து உங்களை ஏற்ற வேண்டும், ராத்திரி காலியாக 25 திரும்ப வேண்டும். ஆக 260.

இதற்கு மேல் மினிமம் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் ஒரு நாளுக்கு 250 அல்லது 300 கிலோமீட்டர். நீங்கள் 180 ஓடினாலும் மினிமத்துக்குக் காசு கொடுக்க வேண்டும், ஏனென்றால் வண்டி அன்றைக்கு வேறு எங்கும் போக முடியாது. கிலோமீட்டர் 25 ரூபாய் என்று சும்மா ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 300 மினிமம் என்றால் 7,500. 250 மினிமம் என்றால் ஓடிய 260-க்கு 6,500. ஆக கிலோமீட்டர் ரேட்டை மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தால் பாதி விஷயம்தான் தெரியும். "மினிமம் எவ்வளவு, மீட்டர் எங்கிருந்து" என்று இரண்டையும் கேளுங்கள். வண்டி வந்ததும் மீட்டரைப் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நல்ல டிரைவர் தானே கூப்பிட்டுக் காட்டுவான்.

மொத்தத் தொகை சொல்பவரிடம், அதற்குள் பேட்டா, டோல், பார்க்கிங், காட்டுக்குள் நுழைய வண்டிக்குக் கட்டும் கட்டணம் எல்லாம் அடக்கமா என்று கேளுங்கள். இல்லையென்றால் பேசும்போது மலிவாகத் தெரிவது ஒவ்வொரு கேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

டீசல் உங்களுடையது என்பவரிடம்தான் ஜாக்கிரதை. கெட்டவர் என்று சொல்லவில்லை, நிறையப் பேர் நேர்மையாகத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் புறப்படும்போது டேங்கை நிரப்பி, திரும்பியதும் மறுபடி நிரப்பினால்தான் எவ்வளவு குடித்தது என்று தெரியும். யாரும் அப்படிச் செய்வதில்லை. "ரெண்டாயிரத்துக்குப் போடுங்க" என்பார், நீங்களும் போடுவீர்கள். மிச்சம் வண்டியோடு போய்விடும். என் வண்டி லிட்டருக்குப் பத்து கொடுத்தால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி. குற்றாலத்தில் ஏசியைப் போட்டு நிறுத்திவைத்தால் ஏழுக்கு இறங்கிவிடும்.

அப்புறம் சீட்டு. 24 பேருக்கு 17 சீட்டு டிராவலர் ஆகாது. 25 சீட்டு மஸ்தா அல்லது 26 சீட்டு டிராவலர் கேளுங்கள். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், எத்தனை சீட்டு எழுதியிருக்கிறதோ அத்தனை பேர்தான். அதிலும் டிரைவர் சீட்டைச் சேர்த்துச் சொல்கிறாரா சேர்க்காமல் சொல்கிறாரா என்று பாருங்கள்.

மூட்டு ஆபரேஷன் செய்த அம்மாவுக்கு: மஸ்தாவின் முதல் படி உயரம். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் எடுத்து வையுங்கள். இதை எந்த ஓனரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

தோட்டத்துக்காரன்

ஏழாயிரமா! எங்கள் ஊரில் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு லோடு வண்டியில் தார்ப்பாய் கட்டி, வைக்கோல் பரப்பி, முப்பது பேர் ஜாலியாகப் போய்விட்டு வருவோம். ஆளுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. காற்றும் வரும். ஏசி எதற்கு?

சொதிப்பிரியர்

அண்ணாச்சி, காற்று வரும் சரி. போலீஸும் வரும்.

மஞ்சள்போர்டு

@தோட்டத்துக்காரன் சரக்கு வண்டியில் ஏறிப் போகும் ஆளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் நஷ்டஈடு முழுவதும் வண்டிக்காரர் தலையில். அவரிடம் இருக்கிற சொத்தே அந்த ஒரு வண்டிதான். அவர் எங்கிருந்து கொடுப்பார்?

சட்டத்தை விடுங்கள். லோடு வண்டியின் பின்பக்கம் மூட்டை வைக்கக் கட்டியது. வளைவில் மூட்டை நகர்ந்தால் மூட்டைதான் விழும். ஒரு வருஷம் உத்திரத்தன்று என் வண்டிக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த லோடு வண்டியிலிருந்து ஒரு ஆச்சி ரோட்டில் விழுந்ததை நானே பார்த்தேன். பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்கு அந்தக் குடும்பம் சாஸ்தாவைப் பார்க்கவில்லை, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியைத்தான் பார்த்தது.

தோட்டத்துக்காரன்

நான் ஒன்றும் டீச்சர் குழுவை லோடு வண்டியில் போகச் சொல்லவில்லை. உள்ள நடப்பைச் சொன்னேன். எங்கள் தாத்தா காலத்தில் வண்டி மாடு பூட்டி இரண்டு நாள் பயணம் போய்த்தான் சாமி கும்பிட்டார்கள். உத்திரத்தன்று வேன் கேட்டால் எங்களுக்கு யார் தருகிறார்கள்? எல்லா ஊர்க்காரனுக்கும் ஒவ்வொரு சாஸ்தா, எல்லோருக்கும் அதே ஒரு நாள். தை மாதமே அட்வான்ஸ் கொடுத்தவனுக்குத்தான் வண்டி. வாழை வெட்டிக் காசு கையில் வருவதே மாசி கடைசியில்.

மஞ்சள்போர்டு

அது உண்மை, மறுக்கவில்லை. உத்திரத்தன்று என் இரண்டு வண்டிக்கும் பதினைந்து பேர் கேட்பார்கள். பழைய வாடிக்கை என்று மூன்று குடும்பத்துக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு மாதிரி வருஷா வருஷம் அதே தேதி. கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து மகரஜோதி வரை இன்னொரு பஞ்சம்: பாதி வண்டி சபரிமலையில் கிடக்கும். அந்த இரண்டு மாதமும் உள்ளூர் ட்ரிப்புக்கு வண்டி கிடைத்தாலும் டிரைவர் தூக்கக் கலக்கத்தில் இருப்பான். ஆகவே எந்த மாதமானாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "முந்தின நாள் ராத்திரி வண்டி எங்கே போயிருந்தது?" கல்யாண ட்ரிப் முடித்து விடியற்காலம் மூன்று மணிக்கு வந்த டிரைவர் ஐந்து மணிக்கு உங்கள் வாசலில் நின்றால், வண்டி எவ்வளவு புதுசாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

வெளியூர் மாப்பிள்ளை

இவ்வளவு தலைவலி எதற்கு? ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் பஸ்கள் எல்லாம் சும்மாதானே நிற்கின்றன. டீச்சர் வேறு நீங்கள். கரெஸ்பாண்டெண்டிடம் கேட்டால் டீசல் காசுக்குக் கிடைக்குமே. இல்லையென்றால் சென்னையில் நாங்கள் ஆப்பில்தான் புக் செய்கிறோம்.

கருப்பட்டிக்காபி

@வெளியூர் மாப்பிள்ளை கேட்காமல் இருப்பேனா? முதலில் கேட்டதே அங்கேதான். "பள்ளி வாகனப் பெர்மிட்டில் வாடகைக்குப் போகக் கூடாது டீச்சர். வழியில் ஆர்டிஓ பிடித்தால் திங்கட்கிழமை பிள்ளைகளை ஏற்ற பஸ் இருக்காது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆப்பில் எங்கள் ஊர் பெயரைப் போட்டுப் பார்த்தேன். வரைபடத்தில் ஊரே இல்லை, குளம் மட்டும் இருக்கிறது.

சொதிப்பிரியர்

குளமாவது இருக்கிறதே, சந்தோஷப்படுங்கள்.

அல்வாவுக்கு வரிசை

எங்கள் அனுபவத்தையும் எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். இரண்டு வருஷம் முன்பு அலுவலகத்திலிருந்து 16 பேர் கன்னியாகுமரிக்கு ஏசி டிராவலர் பேசினோம். போட்டோ அனுப்பினார்கள்: புஷ்பேக் சீட்டு, நீல விளக்கு, எல்லாம் ஜோர். அட்வான்ஸ் அனுப்பினோம். காலையில் வந்தது வேறு வண்டி. சீட்டின் பஞ்சு வெளியே தெரிந்தது. கேட்டால், "அந்த வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு சார், இதுவும் அதே மாதிரிதான்." ஏசி வள்ளியூர் வரை வேலை செய்தது. திரும்பும்போது மழை, வைப்பர் பாதி கண்ணாடியில் நின்றுவிட்டது. டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் துணியால் துடைத்துக்கொண்டே நாங்குநேரி வரை ஓட்டினார்.

பிறகுதான் புரிந்தது. நாங்கள் பேசியது ஓனரிடம் இல்லை, புரோக்கரிடம். அவர் இன்னொருவரிடம் விட, அவர் மூன்றாமவரிடம் விட்டிருக்கிறார். வண்டி ஓட்டி வந்த பாவப்பட்ட மனிதருக்கு நாங்கள் கொடுத்த தொகையில் எவ்வளவு போயிற்றோ. அவரைத் திட்டவும் மனசு வரவில்லை, மத்தியானம் எங்களோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதிலிருந்து அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வண்டி நம்பரை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லிவிடுகிறேன். எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். வாடகை வண்டிக்கு முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எஃப்சி, அதற்கப்புறம் வருஷா வருஷம். நம்பர் அனுப்பத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேசுவதே இல்லை.

ரிட்டயர்டு வாத்தியார்

ஓன் போர்டு வண்டியையும் விட்டுவிடாதீர்கள். வெள்ளை நம்பர் பலகை போட்ட சொந்த வேனை "தெரிஞ்சவங்க வண்டி, கம்மியா முடிச்சிரலாம்" என்று கொண்டுவருவார்கள். காசு வாங்கி ஆள் ஏற்ற வேண்டுமென்றால் மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பது அந்தப் பலகையைத்தான்.

மற்றபடி எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் நாங்கள் வேனே பிடிப்பதில்லை. புரட்டாசி சனிக்கிழமை நவதிருப்பதிக்கும் மார்கழி ஞாயிறு நவகைலாயத்துக்கும் திருநெல்வேலியிலிருந்து அரசு போக்குவரத்துக் கழகமே சிறப்புப் பேருந்து விடுகிறது. ஒன்பது கோயிலையும் வரிசையாகக் காட்டிக் கொண்டுவந்து விடுவார்கள். உங்கள் மாதிரிக் குழுவாக 50 பேர் இருந்தால் டெப்போவில் கேட்டு முழு பஸ்ஸையே வாடகைக்கு எடுக்கலாம். நீங்கள் 24 பேர்தான், அதனால் சரிப்படாது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமே கிடையாது என்பதால் என் வீட்டு அம்மா மட்டும் மூன்று பஸ் மாறி எல்லாக் கோயிலுக்கும் போய்விட்டு வந்து, எனக்கு ஆன பஸ் கூலியைக் கேட்டுச் சிரிக்கிறாள்.

கருப்பட்டிக்காபி

@மஞ்சள்போர்டு அண்ணாச்சி, கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மினிமம் 300 என்று வைத்தால், ஓடுவது 260 போக 40 கிலோமீட்டர் சும்மாதானே இருக்கிறது? போகிற வழியில் களக்காட்டிலிருந்து திருக்குறுங்குடிக்கு ஒரு எட்டுப் போய் நம்பிப் பெருமாளையும் பார்த்துவிடலாமா? மாமியார்மார் கேட்கிறார்கள்.

மஞ்சள்போர்டு

கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறது டீச்சர், நேரம் மிச்சமில்லை. 24 பேர் இறங்கி ஏற ஒரு இடத்துக்குக் கால் மணி நேரம். செருப்பைத் தேட, ஆளை எண்ண, ஒருத்தரைக் காணோம் என்று இன்னொருத்தர் தேடப்போக. நான் இருபது வருஷமாகப் பார்க்கிறேன், ட்ரிப் கெட்டுப்போவது தூரத்தால் இல்லை, ஏறி இறங்குவதால். ஒரு நாளைக்கு இரண்டே இடம். மூன்றாவது இடத்தைச் சேர்த்தால் மூன்றையும் ஓட்டமாகப் பார்ப்பீர்கள். நம்பி எங்கேயும் போய்விட மாட்டார்.

இன்னொன்று: என்னை மாதிரிப் பாளையங்கோட்டைக்காரனைப் பிடிக்காமல் நாங்குநேரியிலேயே விசாரியுங்கள். போகிற வழியில் இருக்கிற வண்டி, செட்டுத் தூரம் குறையும், 250 மினிமத்துக்குப் பேசலாம்.

செங்கோட்டைக்காரர்

பிள்ளைகள் பாலருவி கேட்பார்கள், இப்போதே சொல்லிவைக்கிறேன். குற்றாலத்தில் நின்று பார்த்தால் பக்கம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் புளியரை தாண்டினால் கேரளா. தமிழ்நாடு பெர்மிட் மட்டும் உள்ள வண்டி என்றால் தற்காலிகப் பெர்மிட் எடுத்து அந்த ஊர் வரியும் கட்ட வேண்டும். ஆல் இந்தியா பெர்மிட் வண்டி என்றால் தற்காலிகப் பெர்மிட் வேண்டியதில்லை. முன்கூட்டியே சொல்லாமல் குற்றாலத்தில் வந்து டிரைவரிடம் "அப்படியே ஒரு எட்டு" என்றால் அவரால் முடியாது. அவர் முறைப்பதாக நீங்களும் நினைப்பீர்கள்.

ஞாயிறு குற்றாலம் என்றால் மெயின் அருவிப் பக்கம் வண்டியை நெருங்க விட மாட்டார்கள். பெரியவர்கள் இருப்பதால் ஐந்தருவி பாருங்கள். மேலே மலையில் மழை என்று தடை போட்டிருந்தால் கெஞ்ச வேண்டாம். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு பள்ளிப் பையன் போய்விட்டான். அன்றைக்குக் கீழே வெள்ளம் வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

சோப்பு, ஷாம்பூ, எண்ணெய் மூன்றும் அருவியில் கூடாது, கோர்ட் உத்தரவு. எண்ணெய் தேய்த்துக் குளிக்க நினைக்கும் ஆச்சிமார் வீட்டிலேயே தேய்த்துவிட்டு வரட்டும். (என் அம்மா இன்னும் இந்த உத்தரவை ஏற்கவில்லை.)

ஒன்வே ரோடு

பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்டும் அனுமதி) இல்லாத டிரைவர் வந்தால் என்ன செய்வது? சாதாரண கார் லைசென்ஸ்தான் வைத்திருக்கிறார் என்றால் இன்சூரன்ஸ் செல்லாது என்கிறார்களே.

மஞ்சள்போர்டு

அது பழைய பேச்சு. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள வாடகை வண்டியை எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அதற்காக நேற்று லைசென்ஸ் எடுத்த பையனிடம் 24 பேரை ஏற்றிவிடாதீர்கள். பாபநாசத்திலிருந்து மேலே அகஸ்தியர் அருவிக்கு ஏறும் ரோட்டில் பழக்கம் வேண்டும். அங்கே ஏசியை நிறுத்தினால் சண்டை போடாதீர்கள், ஏற்றத்தில் இன்ஜினுக்கு மூச்சு வேண்டும்.

கருப்பட்டிக்காபி

முடிவு சொல்கிறேன். நாங்குநேரியில் ஒரு ஓனர், தானே ஓட்டுகிறார். 25 சீட்டு மஸ்தா, ஏசி இல்லை. கிலோமீட்டர் 28 ரூபாய், மினிமம் 250, பேட்டா 600, பார்க்கிங்கும் நுழைவுக் கட்டணமும் எங்களுடையது. நம்பரைக் கேட்டதும் ஆர்.சி.யின் படத்தையே அனுப்பிவிட்டார். முந்தின நாள் ராத்திரி வண்டி எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "யாரும்மா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்றார். சனிக்கிழமை வண்டி வீட்டில்தானாம்.

அட்வான்ஸ் 2,000 கொடுத்தாயிற்று. பெரியவர்களுக்கு 450, பிள்ளைகளுக்கு 200 என்று வசூல். சாப்பாடு அவரவர் கைப்பக்குவம்.

சொதிப்பிரியர்

24 பேரும் புளியோதரை கொண்டுவரப் போகிறீர்கள் பாருங்கள்.

கருப்பட்டிக்காபி

போய்விட்டு வந்தோம். எழுதக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

காலை ஐந்தரைக்கு வண்டி வந்தது. வேப்ப மரத்துக் கிளை ஒன்று மேல் கேரியரில் உரசும் என்று டிரைவரே இறங்கிப் பார்த்து, எங்கள் தெருவுக்குள் வராமல் கோயில் முன்னால் திருப்பி நிறுத்தினார். ஸ்டூலைப் பார்த்ததும் சிரித்தார். அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் எங்களுக்கு முன்னால் அவரே அதை எடுத்துப்போட்டுக்கொண்டு நின்றார். மூட்டு ஆபரேஷன் ஆன சித்தி மட்டும் இல்லை, ஆபரேஷன் ஆகாத பத்துப் பேரும் அதில் மிதித்துத்தான் இறங்கினார்கள்.

பாபநாசத்தில் கோயிலுக்கு முன்னால் ஆற்றில் இறங்கியவர்களை வெளியே எடுக்கவே ஒன்பதரை ஆகிவிட்டது. அகஸ்தியர் அருவியில் நல்ல தண்ணீர். செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள், முறுக்கு மடியில் வந்தது. சொதிப்பிரியர் சொன்னது கொஞ்சம் தப்பு: 24 இல்லை, பதினோரு புளியோதரை. நாலு எலுமிச்சை, இரண்டு இட்லி, ஒருவர் மட்டும் தைரியமாகச் சோறும் கருவாட்டுக் குழம்பும். டிரைவருக்கு முதல் இலை போட்டோம், அவர் கருவாட்டுக் குழம்பு பக்கம்தான் உட்கார்ந்தார்.

குற்றாலம் மூன்று மணிக்கு. மெயின் அருவியில் தடை. ஐந்தருவியில் வரிசை நீளம்தான், ஆனாலும் எல்லோரும் நனைந்தார்கள். ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. இரண்டு பேரைக் காணோம். ஏறி இறங்குவதுதான் ட்ரிப்பைக் கெடுக்கும் என்று அண்ணாச்சி சொன்னது அப்போது நினைவு வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து மங்குஸ்தான் கூடையோடு வந்தார்கள், பேரம் படியவில்லையாம். அதற்கப்புறம் பிள்ளைகள் பிரானூர் பார்டர் பரோட்டா என்று ஒரே குரலில் கத்த, அங்கேயும் போனோம். மீட்டரில் மொத்தம் 263. பேட்டா சேர்த்து 7,964 ரூபாய். பார்க்கிங், நுழைவு, டீ எல்லாம் 700. வசூலில் மீதி 886, குழுக் கணக்கில் வரவு வைத்தாயிற்று. வீடு வந்தபோது மணி பதினொன்றரை. மறுநாள் நூறு நாள் வேலைக்கு ஒன்பது பேர் போகவில்லை. நான் போனேன், இரண்டாவது பீரியடில் கரும்பலகையில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன்.

என் தூக்குவாளியை வண்டியிலேயே விட்டுவிட்டேன். உள்ளே பாதிப் புளியோதரை.

தோட்டத்துக்காரன்

அடுத்த உத்திரத்துக்கு அந்த வண்டி கிடைக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள் டீச்சர். தையிலேயே அட்வான்ஸ் புரட்டிவிடுகிறேன்.

மஞ்சள்போர்டு

வாளியை மறந்துவிடுங்கள். புளியோதரையோடு விட்ட வாளி எந்த வண்டியிலிருந்தும் திரும்பி வந்ததில்லை.

கருப்பட்டிக்காபி

@தோட்டத்துக்காரன் கேட்டேன். உத்திரத்தன்று அவரே குடும்பத்தோடு அவர்கள் சாஸ்தா கோயிலுக்குப் போகிறாராம், அன்றைக்கு மட்டும் வாடகைக்குக் கொடுப்பதில்லையாம். அவர் தம்பியிடம் ஒரு டிராவலர் இருக்கிறது, 17 சீட்டு. உங்கள் முப்பது பேரில் யாரை விட்டுவிட்டுப் போவீர்கள் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

@மஞ்சள்போர்டு புதன்கிழமை திசையன்விளை ட்ரிப் போகிற வழியில் மூலைக்கரைப்பட்டி டீக்கடையில் வாளியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கழுவித் துடைத்து வந்தது. உள்ளே அவர்கள் வீட்டு முருங்கைக்காய் ஆறு.